ரிவர்ஸ் இல்லாத வீடு

டெப்போவில் அவருக்கு 'ஒன்வே' என்று பெயர். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனுக்கு வேறு பட்டமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள், பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. ரிவர்ஸ் கியர் என்றாலே அவருக்கு ஆகாது. "ரிவர்ஸ் போடுறவன் டிரைவரே இல்ல. உள்ள நுழையும்போதே வெளிய வர்றதை யோசிக்கத் தெரியாதவன்" என்பார். ராத்திரி வண்டியை நிறுத்தும்போதே, காலையில் நேராக எடுத்துக்கொண்டு போகிற மாதிரி முகம் வெளியே பார்க்கத்தான் நிறுத்துவார். அதற்காக ஷெட்டை முழுசாக ஒரு சுற்று சுற்றி வர வேண்டியிருந்தாலும் சரி, அலுத்துக்கொள்ள மாட்டார்.

அப்படிப்பட்ட ஆள் வீடு கட்டக் கிளம்பினால் என்ன ஆகும்? கேளுங்கள், சொல்கிறேன்.

முப்பதுக்கு நாற்பத்தைந்து அடி மனை. வாங்கிப் போட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த இரண்டு வருஷமும் வீடு அவர் தலைக்குள்ளேயேதான் இருந்தது. டிரிப் ஷீட்டின் பின்பக்கம் கிடைத்தால் போதும், பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஹால், சமையலறை, பெட்ரூம் மூன்று, பாத்ரூம் இரண்டு. மாடி கிடையாது. படியே கிடையாது. வாசலில்கூடப் படி வேண்டாம், சரிவு போதும் என்று முடிவு செய்திருந்தார். எல்லாம் அவருடைய தங்கச்சிக்காக.

தங்கச்சிக்கு முப்பத்து நாலு வயது. அவர் இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலை செய்கிற இடத்தில் மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து அண்ணனின் வாடகை வீட்டில், முன் அறையில், சக்கர நாற்காலியில் இருக்கிறாள். சும்மா இருக்கவில்லை, ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பறை வேலை. பல்வலியோடு வந்து கத்துகிறவர்களை இரண்டே வார்த்தையில் உட்கார வைப்பதில் கெட்டிக்காரி. ஆனால் வீட்டில் அவள் பாடு கஷ்டம். அந்த வாடகை வீட்டில் நாற்காலியைத் திருப்பவே இடமில்லை. பாத்ரூம் வாசலில் ஒரு அடி உயரத் திண்டு. காலையும் மாலையும் அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போவார். அவர் டியூட்டியில் இருந்தால் அண்ணி தூக்குவாள். அண்ணிக்கு இடுப்பு வலி வந்ததே அதனால்தான், ஆனால் அவள் வாயைத் திறந்து சொன்னதில்லை.

இந்த நேரத்தில்தான் அந்த விண்ணப்பம் கண்ணில் பட்டது. தங்கச்சியின் பையைத் துடைக்கும்போது அண்ணிதான் பார்த்தாள். ஊரின் மறுகோடியில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு ஹாஸ்டல். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்றே கீழ்த்தளத்தில் அறைகள். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பெயர், வயது, வேலை எல்லாம் எழுதியாகிவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஒன்வேக்கு உயிரே போய்விட்டது. "நாம என்ன குறை வச்சோம்?" என்று மனைவியிடம் கேட்டார். தங்கச்சியிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் கோபத்தில் கையெழுத்தைப் போட்டுவிடுவாள் என்று பயம். புதன்கிழமை வீடு கட்டித் தரும் இன்ஜினியர் அம்மாவிடம் பிளானைக் கொடுத்தாக வேண்டும், வெள்ளிக்கிழமை மனையில் அஸ்திவாரத்துக்குக் கோடு போடப் போகிறார்கள். "பிளானை அவ கண்ணால பார்க்கட்டும். பார்த்தா போக மாட்டா" என்று அடித்துச் சொன்னார்.

பிளானில் அவர் செய்திருந்த வேலையைப் பார்க்க வேண்டுமே! தங்கச்சியின் அறையை வீட்டுக்கு நட்ட நடுவில் வைத்திருந்தார். ஹாலிலிருந்து அவள் அறை, அங்கிருந்து பாத்ரூமைத் தொட்டபடி சமையலறை, சமையலறையிலிருந்து சாப்பாட்டு அறை, மறுபடியும் ஹால். நாற்காலி எங்கேயும் நிற்க வேண்டாம், பின்னால் வர வேண்டாம், திரும்ப வேண்டாம். முன்னால் பார்த்தபடியே வீடு முழுக்க வலம் வரலாம். கதவெல்லாம் மூன்றரை அடி. இன்ஜினியர் அம்மா முதல் தடவை பார்த்துவிட்டு, "ஏன் சார், வீட்டுக்குள்ள ரவுண்டானா போட்டிருக்கீங்க?" என்று சிரித்தாராம். அதையும் இவர் பாராட்டாக எடுத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

காகிதத்தில் காட்டினால் போதாது என்று தோன்றிவிட்டது. டெப்போவில் புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது முற்றத்தில் சுண்ணாம்புப் பொடியால் தெரு, திருப்பம், ஸ்டாப் எல்லாம் நிஜ அளவில் வரைந்து ஓட்டச் சொல்வார்கள். அதே மாதிரி வீட்டை வரைந்துவிட்டால்? டெப்போ மேனேஜரிடம் போய் நின்றார். ஞாயிற்றுக்கிழமை பகலில் முற்றம் காலியாகத்தான் இருக்கும். மேனேஜர் ஏற இறங்கப் பார்த்தார். "நாலு மணிக்கு வண்டிங்க உள்ள வர ஆரம்பிக்கும். அதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடணும், சொல்லிட்டேன்" என்றார்.

ஞாயிறு காலையிலேயே ஒன்வேயும் அவருடைய கண்டக்டரும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பதினோரு வருஷமாக அவருடன் ஒரே பஸ்ஸில் போகிற கண்டக்டர். வாய் சும்மா இருக்காத ஆள். டேப்பைப் பிடித்துக்கொண்டே, "அண்ணே, சுவருக்கு அகலம் விட்டீங்களா? இல்ல, பேப்பர்ல மாதிரி ஒரு கோடுதான் சுவரா?" என்று ஆரம்பித்தார். நல்லவேளை, விட்டிருந்தார். முக்கால் அடி இடைவெளி விட்டு, இரட்டைக் கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார்கள். பழைய டயர் நான்கு ஹால் சோபாவானது. ஸ்பேனர் பெட்டி அடுப்பானது. ஓய்வறை பெஞ்சைத் தூக்கி வந்து தங்கச்சியின் அறையில் கட்டிலாகப் போட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு வீடு தயார். ஒன்வே இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். பெருமை பிடிபடவில்லை.

இரண்டு மணிக்கு வேனில் குடும்பம் வந்து இறங்கியது. மனைவி, பன்னிரண்டு வயது மகள், தங்கச்சி. அவர் ஓடிப்போய் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "வா பாப்பா, நம்ம வீட்டைப் பாரு!"

தள்ளிக்கொண்டே போனார். ஒவ்வொரு அறையாக, ஸ்டாப் பெயர் சொல்கிற மாதிரியே சொன்னார். "இது ஹால். இது உன் ரூம், வீட்டுலயே பெரிசு இதுதான். இது பாத்ரூம், நீயே உள்ள போய்க்கலாம், திண்டெல்லாம் கிடையாது. இது சமையலறை. மேடை ரெண்டு உயரம், ஒண்ணு உங்க அண்ணிக்கு, ஒண்ணு உனக்கு. இப்ப பாரு, திரும்பாமலே ஹாலுக்கு வந்துட்டோமா இல்லையா?"

தங்கச்சி எல்லாவற்றையும் பார்த்தாள். "நல்லா இருக்கு அண்ணா" என்றாள்.

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். பிடிக்காத புடவையை யாராவது பரிசாகக் கொடுத்தால் வருகிற குரல். அவர் முகம் சுண்டிப் போனது. ஆனாலும் விடவில்லை. "வெளிச்சம் வேணும்னா இங்க ஒரு ஜன்னல் வச்சுக்கலாம்… கதவு வேணும்னா நாலு அடியே வச்சுடலாம்…" என்று அடுக்கிக்கொண்டே போனார்.

மனைவிதான் குறுக்கே வந்தாள். "ஏங்க, கொஞ்சம் மூச்சு விடுங்க. வீட்டைச் சுத்திப் பார்த்தது போதும், ஒரு அரை மணி நேரம் இருந்து பார்ப்போம். அவங்கவங்க அவங்கவங்க இடத்துல இருங்க. நான் சமைக்கிறேன்." ஸ்பேனர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

எல்லோருக்கும் விளையாட்டாகிவிட்டது. மகள் ஹாலில் டயர்மேல் உட்கார்ந்து பாடப் புத்தகம் படிப்பதாக நடித்தாள். கண்டக்டர் விருந்தாளி. ஓய்வறையிலிருந்து எட்டிப் பார்த்த மெக்கானிக்குகள் இரண்டு பேரும் "நாங்க பக்கத்து வீடு" என்று சொல்லி உள்ளே வந்துவிட்டார்கள். தங்கச்சி தன் அறையில், பெஞ்சுக்குப் பக்கத்தில், மடியில் ஒரு வாரப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் ஆகவில்லை. கால் மணிதான் ஆகியிருக்கும். "அண்ணா, இங்க வா" என்று கூப்பிட்டாள்.

வந்தார்.

"நான் இந்தப் பக்கத்தைப் படிக்க ஆரம்பிச்சேன். இன்னும் முதல் வரியிலயே இருக்கேன். எத்தனை பேர் என் ரூம் வழியா போனாங்க தெரியுமா?"

அவர் முழித்தார்.

"பதினேழு தடவை. எண்ணினேன். உன் பொண்ணு தண்ணி குடிக்கப் போனா, வந்தா. அண்ணி ஹாலுக்கு வந்துட்டுப் போனாங்க. உன் கண்டக்டர் கை கழுவப் போனாரு. அப்புறம் துடைக்கத் துணி இல்லன்னு திரும்பி வந்தாரு. அந்த மெக்கானிக் அண்ணன் ரெண்டு பேரும் என்கிட்ட 'சாப்பிட்டாச்சா'ன்னு வேற கேட்டுட்டுப் போனாங்க. நீ மட்டும் ஆறு தடவை. 'என்ன பாப்பா, ஏதாவது வேணுமா'ன்னு."

"சாப்பாட்டு ரூம் பக்கம் போகலாமே… அங்கயும் வழி விட்டிருக்கேனே…" என்றார் ஒன்வே.

"யாரு சுத்திப் போவா? குறுக்கு வழி இருக்கறப்ப நீ போவியா?" அவள் குரல் உயர்ந்தது. "இது ரூமா அண்ணா? பஸ் ஸ்டாண்ட்! நான் அழணும்னா எங்க போய் அழறது? துணி மாத்தணும்னா ரெண்டு கதவையும் சாத்திட்டு, யாரு தட்டறாங்கன்னு ரெண்டு பக்கமும் காது கொடுத்துட்டு உட்காரணுமா? மூணு வருஷமா முன் ரூம்ல எல்லாரும் போற வர்ற வழியிலதான் படுத்திருக்கேன். புது வீட்டுலயும் அதேதானா?"

கண்டக்டர்கூட வாயை மூடிக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்வேக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "உன் வசதிக்காகத்தானே பாப்பா… ஒரே கதவு வச்சா நீ ரிவர்ஸ் வரணும், திரும்பணும், கஷ்டப்படுவ. அதுக்குத்தானே இத்தனை நாளா உட்கார்ந்து…"

"எனக்குத் திரும்பத் தெரியாதுன்னு யாரு சொன்னா?"

"இந்த வண்டியத் திருப்ப எவ்வளவு இடம் வேணும்னு எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா நான்தானே தள்றேன்!"

"அதான் விஷயமே. நீதான் தள்ற." அவள் பத்திரிகையை மடித்து பெஞ்சின் மேல் வைத்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லு. கைய எடு."

அவர் கை தன்னையறியாமல் நாற்காலியின் கைப்பிடியில்தான் இருந்தது. எடுத்தார்.

அவள் ஒரு சக்கரத்தை முன்னால் தள்ளினாள், மற்றதைப் பின்னால் இழுத்தாள். நாற்காலி நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றியது. மறுபடி அந்தப் பக்கமாக ஒரு சுற்று. பிறகு பின்னால் பார்க்காமலே நேராகப் பின்வாங்கி, பெஞ்சுக்கும் சுவர்க் கோட்டுக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் போய், கோட்டைத் தொடாமல் நின்றாள். சுண்ணாம்பு ஒரு துளி கலையவில்லை.

"அம்மாடி!" என்றார் ஒரு மெக்கானிக். கண்டக்டர் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, சக்கரம் சுற்றிய தடத்தை அளந்தார். "அண்ணே, நாலே முக்கால் அடி. அஞ்சு அடி வட்டம் இருந்தா போதும் அண்ணே. நம்ம டெப்போவுல இப்படி ஒருத்தன் ரிவர்ஸ் எடுப்பானா?"

"கிளினிக்ல தினமும் இப்படித்தான் இருக்கேன்" என்றாள் தங்கச்சி. "நீ வாசல்ல விட்டுட்டுப் போயிடுவ, பார்த்ததில்ல. வீட்டுல திரும்ப இடமில்ல. இடம் இருக்கற இடத்துல நீ கைய எடுக்கறதில்ல."

மூன்று வருஷம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, அவளுடைய பின்தலையைப் பார்த்துக்கொண்டே தள்ளியிருக்கிறார். முன்னால் வந்து நின்று என்ன வேண்டும் என்று ஒரு நாள் கேட்டதில்லை. தனக்கே தன்மேல் வெட்கமாக இருந்தது. "சரி. எனக்குத் தெரியல. நீயே சொல்லு, என்ன வேணும்?" என்றார்.

"சுண்ணாம்பு டப்பாவைக் கொடு."

மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, ஒரு கையால் சக்கரத்தை உருட்டிக்கொண்டே அவள் வரைந்தாள். முதலில் நடு அறையைக் காலால் அழிக்கச் சொன்னாள். மகளும் கண்டக்டரும் குதித்துக் குதித்து அழித்தார்கள். நடுவில் இருந்த அறை ஓரத்துக்குப் போனது, வலதுபக்க மூலைக்கு. மகளின் அறை நடுவுக்கு வந்தது. "ஐயோ, எனக்கா பஸ் ஸ்டாண்ட்?" என்று மகள் அலற, "உனக்கு ஒரே கதவுதான், பயப்படாதே" என்று அத்தை சமாதானம் சொன்னாள். ஹாலிலிருந்து சமையலறைக்கு நேராக ஒரு நடைவழி, நாலு அடி அகலம். பாத்ரூம் ஒன்று தங்கச்சியின் அறைக்குள்ளேயே, ஐந்து அடி வட்டம் உள்ளே விழுகிற மாதிரி. அண்ணி சமையலறை மேடையை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். "அந்த ரெண்டு உயரம் நல்ல யோசனைங்க. அதை விட்டுடுங்க." பாவம், அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

அறைக்கு உள்பக்கம் ஒரு கதவு போட்டாள். பிறகு வெளிச்சுவருக்குப் போய், அங்கேயும் ஒரு மூன்றடி இடைவெளி விட்டாள். அதிலிருந்து பக்கவாட்டில் தெருவை நோக்கிப் பன்னிரண்டு அடிக்கு ஒரு சரிவுப் பாதை.

"இது எதுக்கு?" என்றார் ஒன்வே.

"இது என் வாசல். நான் வேலைக்குப் போறப்ப, வர்றப்ப இப்படித்தான் போவேன், வருவேன். சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கும்."

"திடீர்னு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"கத்துவேன். நீ கதவை உடைச்சுட்டு வா. அதுவரைக்கும் தட்டிட்டு வா."

மனைவி சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். "அப்போ… அந்த ஹாஸ்டல்?"

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப ஹாஸ்டல் விஷயம் உங்களுக்குத் தெரியுமா? சரி, சொல்லிடறேன். இந்த ரூமைக் கட்டினா நான் இங்க வர்றேன். சத்தியமா வர்றேன். ஆனா வீடு முடிய எட்டு மாசம் ஆகும்ல? அந்த எட்டு மாசமும் நான் ஹாஸ்டல்லதான் இருப்பேன். நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறேன்."

"எட்டு மாசமா!" அவர் போட்ட சத்தத்தில் ஷெட் கூரையிலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. "யாரு தூக்குவா? யாரு பார்த்துப்பா? ரூமைத்தான் கேட்ட மாதிரியே கட்டித் தர்றேன்ல, அப்புறம் என்ன?"

"யாரும் தூக்க வேண்டாம், அங்க திண்டு இல்ல. அண்ணா, கோபப்படாம கேளு. நானே எழுந்து, நானே குளிச்சு, நானே கிளம்ப முடியுதான்னு எனக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்கணும். தெரிஞ்சுக்காம இந்த ரூமுக்கு வந்தா, கதவு மட்டும்தான் புதுசா இருக்கும். தினமும் காலையில உன்னைத்தான் கூப்பிடுவேன்." அவள் குரல் உடைந்தது. "உன்னை விட்டுப் போகணும்னு ஆசையா எனக்கு? பயமா இருக்கு. பயமா இருந்தாலும் போகணும்."

ஒன்வே மனைவியைப் பார்த்தார். அவள் அவரிடம் வந்து, "போகட்டுங்க" என்றாள். "நாமளும் எட்டு மாசத்துல வீட்டை முடிச்சாகணும்ல. அவளுக்கு வாக்கு கொடுத்துட்டு இழுத்தடிக்க முடியாது."

அவர் சட்டைப் பையிலிருந்து டிரிப் ஷீட்டை எடுத்தார். இரண்டு வருஷத்துப் பிளான். அதைத் திருப்பி, காலியாக இருந்த ஓரத்தில், தரையைப் பார்த்துப் பார்த்துப் புதுப் பிளானை வரைய ஆரம்பித்தார். கண்டக்டர் அளவு சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். மூலை அறைக்கு வந்ததும் கை நின்றது. "பக்கத்துக் கதவு மூணு அடி போதுமா?" என்று கேட்டார்.

"போதும்" என்றாள்.

"மழை அடிச்சா சரிவு நனையும். மேல ஒரு கூரை இழுத்துடறேன்." எழுதினார். "விடுமுறைக்காவது வருவியா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம வருவேன். சுவர் நேரா எழும்புதான்னு பார்க்கணுமே. உன்னை நம்பினா ரவுண்டானா கட்டிடுவ."

அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, யார் பார்த்தால் என்ன என்று விட்டுவிட்டார்.

வெளியே ஹாரன் கேட்டது. நாலு மணி வண்டி. மேனேஜர் அறை ஜன்னலிலிருந்து கையை ஆட்டினார். மெக்கானிக்குகள் டயரை உருட்டிக்கொண்டு போனார்கள், மகள் ஸ்பேனர் பெட்டியை இழுத்தாள். தங்கச்சி சக்கரத்தைத் திருப்பி, பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்து, சரிவில் இறங்கி, வேன் நின்ற கேட்டைப் பார்த்துப் போனாள். ஒன்வேயின் கைகள் தானாக முன்னால் நீண்டன. இழுத்து இரண்டு பைக்குள்ளும் விட்டுக்கொண்டார்.

அவள் பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, என் ரூம்ல நின்னுட்டு என்ன பண்ற? வெளிய வா!"

வெளியே வந்தார். அவளுடைய வாசல் வழியாக அல்ல. உள்கதவு வழியாக நடைவழிக்கு வந்து, ஹாலைக் கடந்து, தலைவாசல் வழியாக, ஒரு கோட்டைக்கூட மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அவள் தனியாகக் கேட்டைத் தாண்டியிருந்தாள்.